108 வாயில்கள்



நாள்தோறும் செபமாலையைக் கையிலேந்திப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உருவேற்றுகின்றோம். அம்மாலையில் மணிகள் 108. 'ஏன் 108?' என்று பேரப்பிள்ளைகள் வினவினால், 'பெரியோர் வைத்த கணக்கு' என்று கூறி நகர்ந்துவிடுவதே நம்மில் பலரது வழக்கம். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற நாமும் அவ்வாறே நகர்ந்ததுண்டு. அந்தக் கணக்கின் பொருளை ஆகமம் வாயிலாக அறிந்திருந்தோம். ஆனால் அது நம் நெஞ்சில் தைத்த இடம் கடல் கடந்த ஒரு நாட்டில் உள்ள பழைய தொழிற்சாலைக் கட்டடம். அங்குக் கண்டதையும், கண்டபின் நம்முள் எழுந்ததையும் இந்த இதழின் வாயிலாக அறநெறிக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

தொழிற்சாலையும் அதன் வரலாறும்

நம் மகன் பணியின் பொருட்டுப் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் குடும்பத்துடன் வாழ்கின்றார். சென்ற வேனிற்காலத்தில் நாம் அங்குச் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அங்கு அப்பருவத்தில் கதிரவன் மறைய இரவு ஒன்பது மணி ஆகின்றது. ஆதலின் இராவுண்ணா நோன்புக்கு இடையூறு ஏதும் நேரவில்லை. ஒருநாள் பேத்தியின் கைப்பற்றி, விஸ்துலா ஆற்றின் தென்கரைப் பகுதியில் லிபோவா தெரு 4ஆம் எண் கட்டடத்திற்குச் சென்றோம்.

1937இல் மூன்று யூத வணிகர்கள் கூடி, எனாமல் பூசிய பாத்திரங்கள் செய்யத் தொடங்கிய ஆலை அது. 1939 செப்டம்பர் முதல் நாள் செருமானியப் படை போலந்தினுள் புகுந்தது. 6ஆம் நாள் கிராக்கோவ் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆஸ்கர் ஷிண்ட்லர் என்ற செருமானியர் அந்த ஆலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். போருக்குப்பின் அங்குப் பல்லாண்டுகள் மின்னணு உறுப்புகள் செய்யப்பட்டன. 2005இல் நகராட்சி அக்கட்டடத்தைப் பெற்று, 2010இல் நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாகத் திறந்தது. 1939 முதல் 1945 வரை அந்நகர் அடைந்த துன்பமே அங்குக் காட்சியாக விரிக்கப்பட்டுள்ளது. வாயிற்புறச் சன்னல்களில் அவ்வாலையில் உழைத்து உயிர் தப்பியவர்களின் முகங்கள் ஒளிப்படங்களாக நம்மை நோக்குகின்றன.

தரையில் கண்ட சுவஸ்திகம்

உள்ளே சில அறைகளைக் கடந்தபின் ஓர் அறையின் வாயிலில் நம் கால் நின்றுவிட்டது. தரை முழுதும் பதித்த ஓடுகளில் சுவஸ்திக வடிவம். மேலே நாஜிக் கொடிகள். அவ்வறையைக் கடக்க வேண்டுமாயின் அவ்வடிவத்தின்மீது அடி வைத்தே ஆகவேண்டும்.

"பாட்டி, இது நம் கோயிலில் அரிசியால் இடுவதுதானே? இதை ஏன் மிதிக்கிறார்கள்?" என்று பேத்தி வினவினாள்.

உடனே விடை கூற இயலவில்லை. ஜினபகவான் திருமுன் அட்சதையால் நாம் இடும் சுவஸ்திகத்தின் நான்கு கரங்கள் தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நாற்கதிகள். மேலுள்ள மூன்று புள்ளிகள் மும்மணிகளாகிய நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். அதன்மேல் உள்ள பிறை, சித்தர்கள் உறையும் சித்தசிலை. ஏழாம் தீர்த்தங்கரராகிய சுபார்சுவநாதரின் இலாஞ்சனமும் அதுவே. 'நாற்கதியில் உழலும் உயிரே, மும்மணியால் மேலேறு' என்று கூறும் குறியை, கோடி உயிர்களைக் கதிகலங்கச் செய்தவர்கள் தம் கொடியில் ஏற்றினார்கள்.

நாம் பேத்திக்குக் கூறியது இவ்வளவே: "கண்ணே, நம் கோயிலில் புள்ளியும் பிறையும் மேலே உண்டு, நாற்கதியிலிருந்து மேலே போக வழி காட்டும். இங்கே வெறும் நாற்கதிதான் இருக்கிறது. வழியைத் தொலைத்தவர்கள் போட்ட படம் இது." பின்னர் நவகாரத்தை மனத்துள் ஓதியவாறே அவ்வறையைக் கடந்தோம்.

அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. ஒரு பொருள் ஒரு நோக்கில் மங்கலம். மற்றொரு நோக்கில், தன் பாட்டனை இழந்த ஒருவனுக்கு, அதுவே பேரச்சம். இரண்டும் மெய். அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வாயிற்படியில் சுவஸ்திகம் இடும்போது, அதன் பொருளை அண்டை வீட்டாருக்கு முன்னரே பணிவுடன் விளக்கிவிடுதல் நன்று. அவர்தம் வருத்தத்தை அறியாமை என்று இகழ்தல் கூடாது. பிறர் நெஞ்சம் நோகாமை காத்தலும் அகிம்சையே.

கணக்கின் விரிவு

இனி, மணிகளின் கணக்கிற்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை நம்மிடம் ஊறி வரும் வாயில்களைத் தொகுத்துரைக்கின்றது. தீச்செயலுக்கு மூன்று படிகள்: செய்யவேண்டும் என்று உறுதி கொள்ளும் சம்ரம்பம், அதற்குரிய கருவிகளைத் திரட்டும் சமாரம்பம், செயலில் இறங்கும் ஆரம்பம். இவை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்று அவை மீண்டும் மூவகைப்படும். சினம், செருக்கு, வஞ்சம், ஈயாமை என்னும் நான்கு கஷாயங்களும் இவற்றைத் தூண்டும். மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. மீண்டும் மூன்றால் பெருக்க இருபத்தேழு. நான்கால் பெருக்க 108. ஆகவே செபமாலையின் ஒவ்வொரு மணியும், வினை புகும் ஒரு வாயிலை அடைக்க நாம் இடும் ஒரு தாழ்.

அந்த அருங்காட்சியகத்தில் நடந்தபோது, இச்சூத்திரத்திற்கு யாரோ உரை எழுதிச் சுவர்களில் மாட்டி வைத்தாற்போன்றே இருந்தது.

போர் என்றால் பீரங்கியும் வெடியும் என்றே நாம் எண்ணுகின்றோம். அங்கு மிகுதியாகக் காணப்படுவன தாள்களும் அறிவிப்புகளுமே. இன்னார் இவ்வழியே நடக்கலாகாது, இன்னார் கையில் அடையாளப் பட்டை அணிதல் வேண்டும், இன்னார் இத்தனை நாள்களுக்குள் வீட்டைக் காலி செய்தல் வேண்டும் என்னும் ஆணைகள், அடையாள அட்டைகள், முத்திரைகள், பெயர்ப் பட்டியல்கள். முதலில் உறுதி, பின்னர் கருவி, அதன்பின்னரே கொலை. 1941 மார்ச்சில் பொட்குஜே என்னும் பகுதியில், ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் ஏறத்தாழ 15,000 யூத மக்களை அடைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பினர். அம்மதிலின் மேல்விளிம்பைக் கல்லறைக் கற்களின் வடிவிலேயே வளைத்துக் கட்டினர். சமாரம்பத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1943 மார்ச் 13, 14 ஆகிய இரு நாள்களில் அக்குடியிருப்பு அழிக்கப்பட்டது. உழைக்க வல்லவர் புவாஷுவ் முகாமிற்கு ஓட்டப்பட்டனர். பலர் தெருக்களிலேயே கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். போருக்குமுன் அந்நகர மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் யூதர். இன்று அவர்களைப் பெரும்பாலும் ஒளிப்படங்களிலேயே காண்கின்றோம்.

நான்கு கஷாயங்களையும் அங்கே தனித்தனியே காணலாம். சினம், வெளிப்படையானது. தம் இனமே உயர்ந்தது என்ற செருக்கு ஒவ்வோர் ஆணையிலும் பேசுகின்றது. பிறர் ஆலையையும் வீட்டையும் பறித்துக்கொண்டது ஈயாமை. வஞ்சத்திற்குச் சான்றாக நின்ற நிகழ்ச்சி, ஆசிரியராகிய நம்மை மிகவும் வருத்தியது. 1364இல் தோன்றிய யாகியெல்லோன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களை, 1939 நவம்பர் 6ஆம் நாள் ஒரு சொற்பொழிவு கேட்க வருமாறு அழைத்தனர். அவர்களும் வந்து அமர்ந்தனர். சொற்பொழிவு நிகழவில்லை, 183 பேர் சிறைப்பிடிக்கப்பட்டு வதைமுகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முதியோர் சிலர் மீளவேயில்லை. வகுப்பறை என்னும் தூய இடத்தையே பொறியாக ஆக்கினர். ஆயினும் 1942 முதல் அந்நகரில் வீடுகளில் மறைவாக வகுப்புகள் நடந்தன என்பதை அறிந்தபோது, கற்பிக்கும் தொழிலின் பெருமையை எண்ணி நெஞ்சம் நிமிர்ந்தது.

'போர்வீரர் அனைவரும் பாவிகளா?' என்று சிலர் வினவலாம். நம் குடும்பங்களிலும் படையில் பணியாற்றுவோர் உளர். இல்லறத்தாருக்கு ஆகமம் இம்சையை நால்வகையாகப் பகுத்துள்ளது: வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை, இல்லத்து வேலைகளில் நிகழும் ஆரம்ப இம்சை, தொழிலில் நிகழும் உத்தியோக இம்சை, தாக்க வருவோரைத் தடுக்கையில் நிகழும் விரோத இம்சை. பின்னைய மூன்றையும் இல்லறத்தார் இயன்ற அளவு குறைக்க வேண்டும். முதலாவதை அறவே துறக்க வேண்டும். யசோதர காவியத்தில் மன்னன் உயிருள்ள கோழியைக் கொல்லவில்லை. மாவினால் செய்த கோழியையே வெட்டினான். அந்தச் சங்கல்பம் ஒன்றே அவனையும் அவன் தாயையும் பிறவிதோறும் விலங்காக்கி அலைத்தது. மாக்கோழிக்கே அவ்வளவு எனின், கிராக்கோவின் சுவர்களில் தொங்கும் அந்தத் தாள்களின் வினைப்பயன் எத்தகையதாக இருக்கும்!

ஆணையும் நோன்பும்

அக்கொடுமைகளைச் செய்தவர் பலர், பின்னர் 'எமக்கு இட்ட ஆணையைச் செய்தோம்' என்றே கூறினர். இச்சொல்லுக்கு நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டனர்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், அணுவிரதங்களைக் காத்துச் சிறந்தோரைக் குறிப்பிடுகின்றது. கொல்லாமைக்கு அவர் காட்டும் சான்று அரசரோ வணிகரோ அல்லர். யமபாலன் என்னும் சண்டாளன். தொழிலோ, குற்றவாளிகளின் தலையைக் கொய்தல். ஒருநாள் அவன் பாம்பு தீண்டி வீழ்ந்தான். இறந்தான் எனக் கருதி உறவினர் சுடுகாட்டில் இட்டனர். ஆங்கிருந்த இருத்தி பெற்ற முனிவரின் திருமேனியில் பட்ட காற்று அவன்மேல் பட, நஞ்சு நீங்கி எழுந்தான். அம்முனிவரிடம், சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று நோன்பு ஏற்றான். மாதத்தில் இரண்டே நாள். அவனால் இயன்றது அவ்வளவே.

பின்னொரு காலத்தில், அஷ்டாஹ்நிக நாள்களில் உயிர்க்கொலை கூடாது என்ற ஆணையை மீறி ஆட்டைக் கொன்ற ஒருவனுக்கு மன்னன் கொலைத் தண்டனை விதித்தான். அன்று சதுர்த்தசி. காவலர் வருவதைக் கண்ட யமபாலன், 'ஊரில் இல்லை என்று கூறு' என மனைவியிடம் சொல்லி மறைந்துகொண்டான். அவளும் அவ்வாறே கூறினாள். 'ஐயோ, இன்று கொல்லப்படுபவனின் பொன்னணிகள் அனைத்தும் அவனுக்குச் சேர வேண்டியவை ஆயிற்றே!' என்று காவலர் இரங்கினர். அவள் வாயால் 'ஊரில் இல்லை' என்று கூறிக்கொண்டே, விரலால் அவன் மறைந்த இடத்தைச் சுட்டினாள். வாக்கு ஒன்று, காயம் ஒன்று, தூண்டியது ஈயாமை; 108இல் ஒரு வாயில் திறந்துகொண்டது.

அரசன்முன் நிறுத்தப்பட்ட யமபாலன், 'இன்று கொல்லேன்' என்றான். அச்சுறுத்தியும் இணங்கவில்லை. இருவரையும் முதலைகள் நிறைந்த நீரில் தள்ளுமாறு மன்னன் ஆணையிட்டான். நோன்பின் வலியால் நீர்த்தேவதை யமபாலனை அரியணையில் ஏற்றிச் சிறப்புச் செய்ய, அது கண்ட மன்னனும் அவனைப் போற்றினான்.

கொல்வதையே தொழிலாகக் கொண்டவன், ஆணையிட்டவன் மன்னனாயினும், 'இயலாது' என்றான். ஊரார் தாழ்ந்தவன் என்று ஒதுக்கியவனை நம் ஆசாரியர் கொல்லாமைக்குச் சான்றாக உயர்த்தி வைத்தார். இவ்விரண்டையும் மறவாமல் நினைவிற் கொள்க. பின்னர் நாம் கூறப்போவதற்கு இவை வேண்டும்.

பாத்திரங்களின் நடுவே

ஷிண்ட்லரையும் நாம் புனிதராக்க முற்படவில்லை. அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினர். மதுவிலும் களியாட்டத்திலும் ஈடுபட்டவர். பொருள் ஈட்டும் நோக்குடனேயே அந்நகருக்கு வந்தவர். ஆயினும் கண்ணெதிரே நிகழ்ந்த கொடுமை அவரது பரிணாமத்தை மாற்றிற்று. ஈட்டிய பொருளையெல்லாம் அதிகாரிகளுக்குக் கையூட்டாகக் கொடுத்துத் தம் தொழிலாளரைக் காத்தார். 1944இல் முகாம்கள் கலைக்கப்பட்டபோது, பட்டியல் ஒன்றின் வழியே அவர்களைப் புருன்லிட்ஸ் என்னும் ஊரில் தாம் அமைத்த வேறோர் ஆலைக்குக் கொண்டுசென்றார். அங்குச் செய்யவேண்டியவை பீரங்கிக் குண்டுகள். ஆனால் பயன்படத்தக்க குண்டுகள் ஏறத்தாழ ஒன்றும் அவ்வாலையிலிருந்து வெளிவரவில்லை. அவராலும் அவர் மனைவி எமிலியாலும் பிழைத்தோர் ஏறத்தாழ 1,200 பேர். போருக்குப்பின் தொழிலில் தோற்று வறுமையுற்ற அவரை, அவரால் பிழைத்தவர்களே தாங்கினர். 1974இல் மறைந்த அவர் உடல் ஜெருசலேமில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

அந்நகரில் பெயர்ப் பட்டியல்கள் எண்ணற்றவை எழுதப்பட்டன. அவை கொலைக்குக் கருவியாயின. அதே தாள், அதே தட்டச்சு. உள்ளத்தின் பாவனை மாறியதால் ஒரு பட்டியல் மட்டும் உயிர் காத்தது. புண்ணியமும் பாவமும் கருவியில் இல்லை, பாவனையில் உள்ளன என்னும் நம் ஆகமக் கொள்கைக்கு இதுவும் ஒரு சான்று.

அவர் அமர்ந்து பணியாற்றிய அறையில், அவ்வாலையில் செய்யப்பட்டவை போன்ற ஆயிரக்கணக்கான எனாமல் பாத்திரங்களை அடுக்கி ஒரு கூடம் போல் அமைத்துள்ளனர். உட்சுவரில் பிழைத்தோரின் பெயர்கள். பேத்தி பெயர்களை எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தாள். நம் பார்வையோ அடுக்கில் இருந்த ஒரு குவளையின்மேல் நிலைத்துவிட்டது. விளிம்பில் எனாமல் பெயர்ந்து கருமை தெரிந்த குவளை. அத்தகைய ஒன்றை நாம் முன்னரே அறிவோம்.

அன்பர்களே! 1972ஆம் ஆண்டு, பயிற்சி முடித்து, ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் பணியேற்றோம். தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானை. மூடிமேல் பித்தளைத் தம்ளர். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் விளிம்பு பெயர்ந்த ஓர் எனாமல் குவளை. அது சேரிப் பிள்ளைகளுக்கு. அவர்கள் பானையைத் தொடலாகாது. வேறொரு பிள்ளை மேலிருந்து வார்க்கும். அந்த ஆணியை நாம் அடிக்கவில்லை. அவ்வாறு செய்க என்று எவரிடமும் கூறவுமில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் வந்து, "டீச்சர், எனக்கு மட்டும் ஏன் அந்தக் குவளை?" என்று வினவினாள். நாம் கூறிய விடை: "போய் வரிசையில் நில்."

இரண்டு ஆண்டுகள் அப்பள்ளியில் பணியாற்றினோம். நாள்தோறும் அக்குவளையைக் கண்டோம். எறும்பை மிதியாமல் நடந்தோம், நீரை வடிகட்டிப் பருகினோம், இரவில் உண்ணவில்லை, 108 மணி உருட்டினோம். செய்யவில்லை, செய்விக்கவில்லை, உடன்பட்டோம். அஞ்சி உடன்பட்டோம், இளம் ஆசிரியை, புதிய ஊர், பொல்லாப்பு ஏன் என்று உடன்பட்டோம். பிற்காலத்தில் வேறு பள்ளியில் தலைமை ஏற்றபோது, அனைவருக்கும் ஒரே பானை, ஒரே தம்ளர் என்று முதல் நாளே வகுத்தோம். ஆனால் அச்சிறுமிக்கு அதனால் என்ன பயன்?

அக்குடியிருப்பில் நிகழ்ந்த கொலையையும் ஆணியில் தொங்கிய குவளையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. ஆயினும் இவர்கள் இப்புறம், அவர்கள் அப்புறம் என்று கோடு கிழித்த நாளிலேயே அங்கும் தொடங்கிற்று என்பதை அந்த அருங்காட்சியகத்தின் முதல் அறைகள் காட்டுகின்றன. அக்கோட்டைப் பார்த்தும் பாராமல் சென்ற நல்லோர் அந்நகரிலும் பலர் இருந்திருப்பர். அவர்களும் நம்மைப் போல் தத்தம் வழிபாட்டைத் தவறாது செய்தவர்களே.

அச்சிறுமி இன்று அறுபதைக் கடந்த மூதாட்டியாக இருப்பார். பெயர் நம் நினைவில் உள்ளது. அதை அச்சிட நமக்கு உரிமையில்லை. ஒவ்வோர் ஆண்டும் க்ஷமாவணி நாளில் உற்றார் உறவினரிடம் மன்னிப்பு வேண்டுகின்றோம். வேண்டவேண்டியவரிடம் ஒருமுறையும் வேண்டினோம் அல்லோம். இதனை ஆலோசனையாகவும் பிரதிக்கிரமணமாகவும் கொண்டு, ஜினசங்கத்தின் முன் இங்கே உரைக்கின்றோம்: அம்மா, அன்று நீர் வினவியது நேரிய வினா, விடை கூறாதது எம் குற்றம், பொறுத்தருள்க.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

கேட்டுக் கலைவதற்காக மட்டும் அறவுரை இல்லை. ஆதலின் நம் குடும்பங்களுக்கு மூன்றினை விண்ணப்பிக்கின்றோம்.

முதலாவது: இரவில் செபமாலையைக் கையில் எடுக்குமுன், 'இன்று எதைச் செய்தேன்?' என்பதோடு நில்லாமல், 'எதைச் செய்வித்தேன்? எதற்கு உடன்பட்டேன்?' என்றும் வினவுக. மூன்றாம் வினாவிற்கே விடை மிகுதியாக வரும்.

இரண்டாவது: போரைப் பற்றிய அருங்காட்சியகங்கள் நமக்கு உரியவை அல்ல என்று ஒதுக்காதீர்கள். வாய்ப்பு நேரும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கருவிகளை வியக்கவிடாமல், அவற்றுக்கு முன் எழுதப்பட்ட தாள்களைக் காட்டுங்கள்.

மூன்றாவது: இதனைப் படித்து முடித்ததும் எழுந்து அடுக்களைக்குச் சென்று பாருங்கள். பாத்திரம் துலக்க வரும் அம்மைக்கும், நிலத்தில் உழைத்துவிட்டு வாயிலில் நீர் கேட்கும் ஐயாவுக்கும் தனியே ஒரு தம்ளர் உங்கள் இல்லத்தில் உள்ளதா? உள்ளதெனில், அதைச் சுவரின் ஆணியிலிருந்து எடுத்து, மற்றத் தம்ளர்களோடு சேர்த்து அடுக்குங்கள். 'இது எங்கள் மாமியார் காலத்து வழக்கம்' எனில், அந்த ஆணியை அடித்தவர் நீங்கள் அல்லர் என்பது மெய்யே. யமபாலனும் மன்னனின் ஆணையைத் தான் எழுதவில்லை. 'என் கையால் இன்று நிகழாது' என்று மட்டுமே கூறினான். அவ்வளவே நோன்பு, அதுவே போதும்.

அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது பேத்தி, "பாட்டி, உங்கள் மாலையில் எத்தனை மணி?" என்று வினவினாள். இம்முறை நாம் நகர்ந்துவிடவில்லை. ஆற்றங்கரை வரை நடந்தவாறே, மூன்றும் மூன்றும் மூன்றும் நான்கும் என்று விரல்விட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தோம்.

எவ்வுயிரும் அஞ்சாது வாழ்க! அருகன் அறம் வளர்க!